ஐப்பசியில் அடைக்கலம் தேடி வரும் பறவைகள்

சிட்டுக்குருவிக்குக் கிராமத்தில் அடைக்கலாங்குருவி என்று ஒரு பெயர் உண்டு. மனிதன் குடியிருக்கும் இடத்தை நம்பி, அவன் கூரையிலேயே இடம் பிடித்து வாழும் பறவை அது. பொழுது சாய்ந்ததும் பறவைகள் மரத்தில் ஒதுங்குவதை 'அடைகின்றன' என்று சொல்வதும் உழவர் வழக்கே. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கியதும், அடைவதற்கு இடம் தேடி விவசாயி வீட்டுப் பக்கம் வருவது சிட்டுக்குருவி மட்டுமல்ல. கரிச்சான், மைனா, தவிட்டுக்குருவி, ஆந்தை, கூகை ஆகிய உள்ளூர்ப் பறவைகளும், பல நூறு மைல் கடந்து வரும் வாலாட்டிக் குருவி, ஆறுமணிக் குருவி, கீச்சான் போன்ற விருந்தாளிகளும் வருகின்றன.

இவை வரும் காலம், சம்பா நெற்பயிர் தூர் கட்டிக் கதிர் விடும் காலம். புழுவும் எலியும் பெருகும் காலமும் அதுவே. வீட்டைச் சுற்றி இரவைக் கழிக்க இடம் கிடைத்தால், இந்தப் பறவைகள் பகலிலும் இரவிலும் பக்கத்து வயலில் இரை தேடும். இடம் கிடைக்காவிட்டால் வேறிடம் போய்விடும். எனவே புரட்டாசி மாதத்தில் வேலியை வெட்டும்போதும், பட்ட மரத்தைச் சாய்க்கும்போதும், கூரையை மாற்றும்போதும் விவசாயி எடுக்கும் முடிவு, மார்கழியில் அவர் வயலில் எத்தனை எலி இருக்கும் என்பதையும் ஓரளவு முடிவு செய்கிறது.

குளிரைவிட மழையே பெரிய பகை

தமிழ்நாட்டுச் சமவெளியில் பனிக்காலம் என்பது உறைபனிக் காலம் அல்ல. மார்கழி, தை மாதங்களில் அதிகாலை வெப்பநிலை பல இடங்களில் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற மேட்டுப் பகுதிகளில் இன்னும் குறையும். இந்தக் குளிரைத் தாங்கப் பறவைகளுக்கு வழி உண்டு. அவை இறகுகளைச் சிலிர்த்து உப்பிக்கொள்கின்றன. இறகுகளுக்கு இடையே தங்கும் காற்று, போர்வை போல உடல் சூட்டைக் காக்கிறது. அலகை முதுகு இறகுக்குள் செருகி, ஒரு காலை வயிற்றோடு மடக்கி நிற்பதும் சூட்டைச் சேமிக்கவே. தவிட்டுக்குருவிகள் ஒரே கிளையில் நெருக்கி உட்கார்ந்து, ஒன்றின் சூட்டில் ஒன்று தூங்குகின்றன.

ஆனால் இறகு நனைந்துவிட்டால் இந்தப் போர்வை பயன்படாது. பறவையின் உடல் சூடு சுமார் 40 டிகிரி. சிட்டுக்குருவியின் எடையோ 25 கிராம் அளவுதான். இவ்வளவு சிறிய உடல் அந்தச் சூட்டைக் காக்க வேண்டுமானால் அன்றாடம் வயிறு நிறைய வேண்டும். புயல் சின்னம் உருவாகி மூன்று நாள் அடைமழை பிடித்தால் பூச்சிகள் பறப்பதில்லை. தானியம் சேற்றில் புதைகிறது. பட்டினியும் ஈரமும் காற்றும் சேரும்போதுதான் சிறு பறவைகள் மடிகின்றன. ஆகவே இவற்றுக்கு வேண்டிய முதல் உதவி தீனி அல்ல. காற்றும் சாரலும் படாத ஓர் ஒதுக்கிடம். அதைச் செலவில்லாமல் தரக்கூடியது விவசாயியின் கொல்லைதான்.

எந்தப் பறவை எங்கே அடைகிறது?

உயிர்வேலி: கொங்குப் பகுதி மானாவாரிக் காடுகளில் கிளுவை வேலி இன்றும் இருக்கிறது. மற்ற பகுதிகளில் நொச்சி, ஆடாதொடை, மருதாணி, கள்ளி, கொடுக்காப்புளி ஆகியவை வேலியாக நிற்கின்றன. இவற்றின் மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் வேலிப்பருத்தியும் படர்ந்துவிட்டால், உள்ளே சாரல் புகாத ஒரு கூடாரம் அமைகிறது. தையல்சிட்டு, கதிர்க்குருவி, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, செம்போத்து ஆகியவை இதற்குள் ஒதுங்குகின்றன. சைபீரியா பக்கத்திலிருந்து பனிக்காலத்துக்கு வரும் பழுப்புக் கீச்சான், வேலி முள்ளின் உச்சியில் உட்கார்ந்து வெட்டுக்கிளியையும் வண்டையும் பிடிக்கும். கோவைப்பழம் கொண்டைக்குருவிக்கு உணவாகிறது. கல்கால் நட்டுக் கம்பிவேலி போடும்போது இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன.

மரத்தடிச் சருகு: மாமரம், பலாமரத்தின் அடியில் கிடக்கும் சருகைக் கூட்டி எரிப்பது பலருடைய வழக்கம். அந்தச் சருகை நம்பி வரும் பறவை ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே வருகிறது. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுவதால் இப்பெயர். இரவில் நெடுந்தூரம் பறந்து வருவதால் களைத்துப்போய், சில நேரம் வீட்டுத் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் வந்து விழும். பச்சை முதுகும், நீலத் திட்டும், சிவந்த அடிவயிறும் கொண்ட அந்தப் பறவையைக் கண்டால் கூண்டில் அடைக்கக் கூடாது. பூனைக்கு எட்டாமல், காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, களைப்பு நீங்கியதும் மரத்தடியில் விட்டுவிட வேண்டும். பிறகு அது பனிக்காலம் முழுவதும் சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்று அங்கேயே தங்கும். கொண்டலாத்தியும் தன் நீண்ட அலகால் தோட்டத்து மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுக்களை எடுக்கிறது.

பனைமரம்: ஒரு பனை பல பறவைகளுக்கு வீடாகும். தொங்கும் காவோலையின் உட்பக்கத்தில் பனை உழவாரன் ஒட்டிக்கொண்டு இரவைக் கழிக்கிறது. இது நாள் முழுவதும் வானில் பறந்தபடியே சிறு பூச்சிகளைத் தின்னும் பறவை. தலை முறிந்து பட்டுப்போன பனையின் பொந்தில் மைனாவும் கிளியும் புள்ளி ஆந்தையும் கூகையும் இடம் பிடிக்கின்றன. பனைகளை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசின் 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

கூரையும் கொட்டகையும்: கீற்றுக் கூரை, நாட்டு ஓட்டுக் கூரை, மண்சுவர் இருந்த காலத்தில் சிட்டுக்குருவிக்கு இடப் பஞ்சம் இல்லை. கான்கிரீட் வீட்டில் சந்து பொந்து கிடையாது. மாட்டுக்கொட்டகை ஒன்றுதான் பல வீடுகளில் மிச்சம். சாணத்தைச் சுற்றும் ஈயையும் கொசுவையும் தின்ன வாலாட்டிக் குருவி கொட்டகைக்கும் களத்துக்கும் வருகிறது. மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவியும் பனிக்கால விருந்தாளிதான். அது பறக்கும் பூச்சிகளை அந்தரத்திலேயே பிடித்துவிட்டு, இரவில் நாணற்புதரிலோ கரும்புக் கொல்லையிலோ கூட்டமாக அடையும்.

களத்து மரமும் ஏரிக்கரை மரமும்: ஆல், அரசு, புளி, கருவேலம் ஆகியவற்றில் மைனாவும் உண்ணிக்கொக்கும் நூற்றுக்கணக்கில் அடைகின்றன. உண்ணிக்கொக்கு மேயும் மாட்டின் காலடியிலும் ஏர்ச்சாலிலும் கிளம்பும் வெட்டுக்கிளியையும் பூச்சிகளையும் பொறுக்கும். கரிச்சான் மாட்டின் முதுகில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும். இது இருட்டும் வரை வேட்டையாடும் பறவை ஆதலால், அந்தி நேரத்தில் கிளம்பும் அந்துப்பூச்சிகளும் இதற்கு இரையாகின்றன.

மார்கழி வயலின் காவலன் கூகை

வீட்டருகே அடையும் பறவைகளில் விவசாயிக்கு மிகப் பெரிய உதவி செய்வதும், மிக அதிகமாக விரட்டப்படுவதும் கூகைதான். வெளுத்த, இதய வடிவ முகம் கொண்ட இது மற்ற ஆந்தைகளைப் போல அலறுவதில்லை. தொண்டையைக் கிழிப்பது போலக் கிறீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு ஆகாது, சாவு வரும் என்று சொல்லிக் கல்லெறிந்து துரத்துகிறார்கள். பழைய கோயில் மாடம், பாழ்வீடு, தூர்ந்த கிணற்றுச் சுவர், தென்னங்கொண்டை ஆகியவை இது ஒதுங்கும் இடங்கள்.

கூகையின் முக்கிய உணவு எலி. இதன் இறகு மிக மென்மையானது. பறக்கும்போது ஓசை எழாது. இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லாமல் சற்று மேலும் கீழுமாக அமைந்திருப்பதால், கும்மிருட்டிலும் சலசலப்பை வைத்தே எலி இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்துகொள்ளும். எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். கூகை அடையும் இடத்துக்குக் கீழே கிடக்கும் கறுத்த உருண்டைகளை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால், எலியின் மண்டை ஓடும் பல்லும் கிடைக்கும். அது என்ன தின்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஒரு கூகை ஓர் இரவில் ஒன்றிரண்டு எலிகளையாவது தின்னும். கூட்டில் நான்கு முதல் ஏழு முட்டைகள் இடும். முட்டை பொரிக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதமும் தாயும் தந்தையும் இரவு முழுவதும் எலியைச் சுமந்து வரும். வயல் எலியோ கருவுற்ற மூன்றே வாரத்தில் குட்டி போடும். அது தின்பதைவிட வெட்டிப் பாழாக்குவதும், கதிர்களை வளைக்குள் இழுத்துச் சேர்ப்பதும் அதிகம். கதிர் வரும் பருவத்தில் எலி பெருகும் நேரமும், வீட்டுப் பக்கம் ஒரு கூகைக் குடும்பம் இருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தால், அது விவசாயியின் அதிர்ஷ்டம். கூகை கோழிக்குஞ்சைத் தூக்கிவிடும் என்ற அச்சம் தேவையில்லை. அது இரவில் மட்டுமே வேட்டையாடுகிறது; கோழிகளை இரவில் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டால் போதும்.

எலி மருந்து வைக்கும்போது எச்சரிக்கை

கூகைக்கு இடம் கொடுத்துவிட்டு, அதே வயலில் கவனமில்லாமல் எலி மருந்து வைப்பது, காவல்காரனுக்குச் சோறு போட்டு அதில் விஷம் கலப்பது போன்றது. மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. குறிப்பாக, ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும் புரோமோடயலான் போன்ற மருந்தைத் தின்ற எலி பல நாள் உயிரோடு திரியும். தள்ளாடும் அந்த எலிதான் கூகைக்கும் ஆந்தைக்கும் எளிதில் அகப்படும். விஷம் பறவைக்கும் ஏறும். ஒரு கூகை செத்தால், அடுத்த பருவத்து எலிக்குத் தடை இல்லை.

ஆகவே எலி குறைவாக இருக்கும்போதே, அதாவது நடவுக்கு முன்பே, வரப்பைச் செதுக்கிச் சிறிதாக்கி, வளைகளை வெட்டி எலிகளைப் பிடித்துவிட வேண்டும். அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே நாளில் சேர்ந்து செய்தால் பலன் கூடும். அதன்பின் மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டிகளை வைக்கலாம். மருந்து வைத்தே தீர வேண்டிய நிலை வந்தால், அதை வெளியே இறைக்காமல், எலி நடமாட்டம் உள்ள வளைக்குள் இட்டு மூட வேண்டும். மறுநாள் முதல் விடியற்காலையில் வயலைச் சுற்றி வந்து, செத்த எலிகளைக் கையுறை அணிந்து பொறுக்கி, ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். பூச்சிமருந்து கலந்த விதையையோ, காலி மருந்து டப்பாவைக் கழுவிய தண்ணீரையோ வாய்க்கால் ஓரத்தில் கொட்டக் கூடாது. வாலாட்டியும் மைனாவும் குளிப்பதும் குடிப்பதும் அங்கேதான்.

நஷ்டம் செய்யும் பறவைகளும் உண்டு

எல்லாப் பறவையும் எல்லா நேரமும் நண்பன் என்று சொல்வதற்கில்லை. மத்திய ஆசியப் பகுதியிலிருந்து புரட்டாசி வாக்கில் பெருங்கூட்டமாக வரும் சூறைக்குருவிக்குச் சோளக்குருவி என்றும் பெயர் உண்டு. வெட்டுக்கிளியை அடியோடு தின்னும் இப்பறவை, பால் பிடித்த சோளக் கதிரையும் விடாது. கிளி, மயில் ஆகியவற்றின் சேதமும் விவசாயிகள் அறிந்ததே. சிட்டுக்குருவியும் சில்லையும் முற்றும் கதிரில் இறங்கும்.

ஆனால் இந்தச் சேதம் கதிர் முற்றும் சில வாரங்களுக்கு உரியது. அந்த வாரங்களில் வயலில் காவல் இருப்பது, தகரம் தட்டுவது, பளபளக்கும் நாடா கட்டுவது ஆகியவற்றால் பறவையை வயலிலிருந்து ஓட்டலாம். அதற்காக வீட்டு மரத்தையும் வேலியையும் வெட்டினால், சோளக்குருவி ஊர் மாறி அடைந்து மறுநாளும் வரும். நிலையாக இருந்த கரிச்சானும் ஆந்தையும்தான் போய்விடும். சிட்டுக்குருவியைப் பொறுத்தவரை ஒன்றை மறக்கக் கூடாது. தானியம் தின்னும் அந்தக் குருவி, தன் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியுமே.

வலை கட்டியும், கண்ணி வைத்தும், விஷம் தடவிய தானியம் தூவியும் பறவைகளைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விஷம் வைத்துப் பிடித்த கொக்கின் கறியைத் தின்பவருக்கும் ஆபத்து உண்டு. சம்பாக் காலத்தில் கொக்கு பிடிக்க வருபவர்களை வயலில் விடாமல் இருப்பது, விவசாயி தன் பயிருக்கே செய்துகொள்ளும் பாதுகாப்பு.

செலவில்லாத ஏற்பாடுகள்

அதிகம் பணம் போடாமல் ஒரு சிறு விவசாயி செய்யக்கூடியவை வருமாறு:

1. வேலியை ஒரே சமயத்தில் முழுவதும் வெட்டக் கூடாது. ஒரு வருடம் ஒரு பக்கம், மறு வருடம் மறுபக்கம் என்று கழிக்கலாம். வாடைக்காற்றும் சாரலும் வரும் வடக்கு, கிழக்குப் பக்கத்து வேலி மழைக்காலத்தில் அடர்த்தியாக நிற்பது வீட்டுக்கும் கொட்டகைக்கும் கூட நல்லது. கம்பிவேலி போட்டே ஆக வேண்டுமானால், அதன் உட்புறமாகக் கிளுவையோ நொச்சியோ போத்து நட்டு, கம்பியின் மேல் கோவைக்கொடி ஏற்றிவிடலாம்.

2. பட்டுப்போன பனையோ பொந்துள்ள மரமோ வீட்டின் மேலும் பாதையின் மேலும் விழாத தூரத்தில் இருந்தால், ஒன்றையாவது நிற்கவிட வேண்டும். விறகுக்கு வரும் பணத்தைவிட அதில் அடையும் ஆந்தை தரும் லாபம் நீடித்தது.

3. தென்னங்கொண்டையைச் சுத்தம் செய்வது எலியையும் காண்டாமிருக வண்டையும் தடுக்க அவசியம். அதை விட வேண்டாம். ஆனால் பனையின் காவோலையை மழைக்காலத்தில் முழுவதும் கழிக்காமல், ஒரு மரத்திலாவது தொங்கவிட்டால் பனை உழவாரன் பிழைக்கும்.

4. மரத்தடிச் சருகை எரிக்காமல் அங்கேயே பரப்பிவைத்தால் மண்ணின் ஈரம் காக்கப்படும், மக்கி எருவாகும், பறவைக்கும் இரை கிடைக்கும். வீட்டு வாசலுக்கும் கோழிக்கூண்டுக்கும் அருகே மட்டும் பாம்பு, தேள் அண்டாதபடி கூட்டிவிட வேண்டும்.

5. நெல் வயலில் ஏக்கருக்கு 15 முதல் 20 இடங்களில், ஆங்கில 'டி' எழுத்து வடிவில் குச்சிகளை நட வேண்டும். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும். பயிரைவிட உயரமாக இருக்க வேண்டும். பகலில் கரிச்சானும் இரவில் கூகையும் அதில் உட்கார்ந்து இரை பார்க்கும். கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் இவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகளுக்கு அதுவே இருக்கையாகிவிடும்.

6. அடைமழை நாட்களில் மட்டும் திண்ணையிலோ கொட்டகை ஓரத்திலோ ஒரு பிடி கம்பு, நொய் வைக்கலாம். புது நெற்கதிரைப் பின்னித் தாழ்வாரத்தில் தொங்கவிடும் பழைய வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது போல இருக்கிறது. கோழித் தீனியையும் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டையும் காட்டுப் பறவைகள் தொடாதபடி தனியே வைக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்கள் பறவைக்குப் பறவை பரவக்கூடியவை.

7. திறந்த சிமெண்டுத் தொட்டியில் ஒரு மரக்கட்டையை மிதக்கவிட்டால், குளிக்க இறங்கி மேலேற முடியாமல் தவிக்கும் பறவைக்கு அது பிடிமானம் ஆகும்.

பெட்டி செய்யும் முறை

பொந்து இல்லாத வீடுகளில் பலகைப் பெட்டி தொங்கவிடலாம். பழைய பழப்பெட்டிப் பலகையே போதும். பெயிண்டும் வார்னிஷும் உட்புறத்தில் பூசக் கூடாது.

சிட்டுக்குருவிக்கு 6 அங்குலச் சதுர அடிப்பாகமும் 9 அங்குல உயரமும் உள்ள பெட்டி ஏற்றது. நுழையும் துளை ஒன்றேகால் அங்குல அகலம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். தாழ்வாரத்தின் கீழே, எட்டடிக்கு மேல், பூனை தாவ முடியாத இடத்தில் பொருத்த வேண்டும்.

கூகைக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள பெட்டி வேண்டும். நுழைவாயில் 6 அங்குலச் சதுரம் இருக்கலாம். மேற்கூரை சற்றுச் சரிந்து, முன்னால் நீண்டிருக்க வேண்டும். அடிப்பலகையில் நீர் வடியச் சிறு துளைகள் நான்கு போட்டு, மேலே மரத்தூள் பரப்பலாம். மோட்டார் கொட்டகைச் சுவரிலோ, உறுதியான மரத்திலோ, 12 முதல் 15 அடி உயரத்தில் கட்ட வேண்டும். மழைச்சாரல் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால், வாயில் தெற்கோ மேற்கோ பார்த்து அமைவது நலம். மரமானால் அடிமரத்தைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டால் பூனை ஏறாது. இரவு முழுவதும் எரியும் விளக்கு அதன் வாயிலில் விழக் கூடாது.

பெட்டி கட்டிய மறுநாளே பறவை வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பருவம், இரண்டு பருவம் கூட ஆகலாம். குடியேறிய பின் அடிக்கடி ஏணி வைத்துப் பார்ப்பது கூட்டைக் கைவிடச் செய்யும். குஞ்சுகள் பறந்து போன பிறகே பெட்டியைத் துப்புரவு செய்ய வேண்டும். அப்போது முகத்தில் துணி கட்டிக்கொள்வது அவசியம்.

ஊர் கூடிக் காத்த இடங்கள்

பறவைக்கு அடைக்கலம் தருவதால் விவசாயி நஷ்டப்பட்டதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் ஏரியில் மழைக்காலத்தில் வந்து அடையும் பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை அங்குள்ள உழவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பறவைகளைச் சுட்டவர்கள் மீது அவர்கள் முறையிட்டதன் பேரில், அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் பறவைகளைக் காக்க உத்தரவு வழங்கினார்.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் செங்கால் நாரையும் மற்ற நீர்ப்பறவைகளும் குளத்து மரங்களில் மட்டுமல்லாமல், வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சத்தின் நாற்றத்தையும் இரைச்சலையும் அவ்வூர் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். குளத்து வண்டலை வயலுக்கு அடித்துப் பயன் பெறுகிறார்கள். 1994-இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி 1977-இல் சரணாலயமாயிற்று. அதையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், மழையோடு வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளின் ஒரு நாள் ஆசையை ஊரே சேர்ந்து விட்டுக்கொடுப்பது சிறிய காரியம் அல்ல.

ஏரியும் சரணாலயமும் எல்லா ஊரிலும் அமையாது. ஆனால் ஒரு வேலியும், ஒரு பட்ட பனையும், ஒரு மாட்டுக்கொட்டகையும் ஏறக்குறைய எல்லா விவசாயி வீட்டிலும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது, அவற்றில் அடைந்த பறவைகளும் இடம் இழந்தன. புயல் சாய்ப்பதைத் தடுக்க முடியாது. வேலியையும் பனையையும் கையால் வெட்டுவதைத் தடுக்க முடியும்.

மாசி பிறந்து வெயில் ஏறியதும் வாலாட்டியும் கீச்சானும் வடக்கே கிளம்பிவிடும். பிறகு ஆறுமணிக் குருவியின் குரலும் கேட்காது. அடுத்த புரட்டாசிக்குள் அவை திரும்பும்போது வேலி நிற்க வேண்டும், சருகு கிடக்க வேண்டும், கூகை இருந்த பனையில் கூகை இருக்க வேண்டும். இந்த வருடம் நடு இரவில் கொல்லைப்புறத்தில் கிறீச்சென்று குரல் கேட்டால், கல்லைத் தேட வேண்டாம். வயலில் எலி ஒன்று குறையப் போகிறது என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.